ஆளுக்கொரு பை

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போனில் உன்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை, அதனால் கடிதம் எழுதுகிறாய் என்று ஆரம்பித்திருந்தாய். ஒத்துக்கொள்கிறேன். நீ ஒரு வாக்கியத்தை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு துணியைச் சோதித்து ரிப்போர்ட்டே எழுதிவிடுவேன்.

நீயும் அத்தானும் சைக்கிளில் மலைப்பாதையில் மூன்று நாள் போகப்போகிறீர்கள். முதல் ராத்திரி அடிவாரத்து லாட்ஜ். இரண்டாம் ராத்திரி கணவாய்க்குப் பக்கத்தில் வெட்டவெளியில். அதற்கு எடை குறைவான சாமான் நான் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். இவ்வளவுதானே? இதை எழுத உனக்கு நான்கு பக்கம்.

ஏற்றத்தில் சைக்கிளைவிடச் சாமான்தான் உன்னைக் கொல்லும். ஸ்லீப்பிங் பேக்கும் கீழே விரிக்கும் பாயும் உங்களிடம் இருக்கின்றன, பழசானாலும் பரவாயில்லை. மேலே கூரைதான் கேள்வி. ‘பிவி பை’ என்று ஒன்றைப் படித்ததாக எழுதியிருக்கிறாய். அது ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் மாட்டும் நீர் புகாத உறை. ஒரு ஆள் மட்டும் புழுப்போல நுழைந்து படுக்கலாம். நான் தினமும் ஆய்வகத்தில் இந்த மாதிரித் துணியின் தலையில்தான் தண்ணீர் ஏற்றிக் கசிகிறதா என்று பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்: மழையை உள்ளே விடாத துணி உன் மூச்சை வெளியேயும் விடாது. காலையில் உன் மூச்சிலேயே நனைந்து எழுந்திருப்பாய்.

இருவர் என்றால் ஒரே கூரைதான் புத்திசாலித்தனம். ஒரு பெரிய ஷீட், இரண்டு கம்பு, நான்கு முளை, கயிறு. ஷீட் உன் பையில், கம்பு அத்தான் பையில். அடுப்பு ஒருவரிடம், கேஸ் ஒருவரிடம். முடிந்தது கதை.

உடை எல்லாவற்றிலும் உள்ளே தைத்திருக்கும் துணிச் சீட்டைக் கத்தரித்து எடுத்துவிடு. சிரிக்காதே. பத்து உடைக்கு ஒன்பது கிராம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஆகஸ்ட் 11

அன்புள்ள தராசுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இரண்டு பேர். உன் சளி போயிற்றா? போன தடவை போனில் கட்டைக் குரலில் கத்தினாய். ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் நாள் முழுக்க இருமல்காரர்களைப் பார்க்கிறேன், உன் இருமல் எனக்குத் தனியாகத் தெரியும்.

ஒரே கூரை வேண்டாம். எனக்கு ஒரு பிவி பை, அவருக்கு ஒரு பிவி பை. அடுப்பும் தனித்தனி. பாத்திரமும் தனித்தனி. என் பையை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஒரு ராத்திரி இருக்க முடியணும், அவர் பையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இருக்க முடியணும். அவ்வளவுதான்.

எடை கூடும் என்று குதிப்பாய். குதி. சுமக்கப்போவது நான்.

அவருக்கு இந்த மாதமும் இரவு டியூட்டி. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் இவரைத்தான் எழுப்புகிறார்கள். அவர் உள்ளே வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடும்பம் நடக்கிறது. பால் வாங்கிவைத்திருக்கிறேன், சாவி ஆணியில் இருக்கிறது. நேற்று இந்த இரண்டைத் தவிர வேறு வார்த்தை பேசினோமா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

துணிச் சீட்டைக் கத்தரித்துவிட்டேன். ஒரு சட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது. உன் கணக்கில் ஓட்டைக்கு எத்தனை கிராம் கழிவு?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. நலம் விசாரித்தாயிற்று.

இப்போது கணக்கு. பிவி பை ஒன்று 420 கிராம், இரண்டு 840. பெரிய ஷீட் 510, கம்பும் முளையும் கயிறும் சேர்த்து 240, ஆக 750. கூரையிலேயே தொண்ணூறு மிச்சம். இரண்டாவது அடுப்பு 85, இரண்டாவது பாத்திரம் 110, இரண்டாவது கேஸ் டப்பா 210. எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ அரைக் கிலோ. எதற்கு? ஒரே இடத்தில், ஆறடி தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஆளுக்கொரு அடுப்பைப் பற்றவைத்து, ஆளுக்கொரு டீ போட்டுக் குடிப்பதற்கு. பார்க்கிறவன் சண்டைக்கோழிகள் என்று நினைப்பான்.

பாதுகாப்புக்காக இரண்டு என்றால் புரிந்துகொள்வேன். ஆனால் நீ பாதுகாப்பு என்ற வார்த்தையையே எழுதவில்லை. ‘என் பையை மட்டும் வைத்துக்கொண்டு’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு துணியை ஏன் கிழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள் என்றால், அது எங்கேயோ கிழியப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதால்தான்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. அத்தானும் நீயும் பிரியப்போகிறீர்களா?

ஆம் அல்லது இல்லை. ஒரு கார்டில் எழுதினாலே போதும்.

தம்பி


செப்டம்பர் 5

அன்புள்ள தராசுக்கு,

நலம். பதில் தாமதம். கவுண்டரில் கூட வேலை பார்க்கும் பெண் பிரசவ லீவில் போய்விட்டாள், நானே இரண்டு ஜன்னலையும் பார்க்கிறேன்.

சைக்கிளை இறக்கித் துடைத்தேன். பின் டயர் பக்கவாட்டில் வெடித்துக் கிடக்கிறது. புதிது போட்டேன். கியர் மூன்றிலிருந்து நாலுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் டியூட்டி முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். கை முழுக்கக் கிரீஸ். “சரியா இருக்கா பாரு” என்றார். “இருக்கு” என்றேன்.

சாயங்காலம் ஆற்றுப்பாலம்வரை போய்வந்தேன். மூச்சு வாங்கியது. தினமும் போனால் சரியாகிவிடும்.

ஸ்லீப்பிங் பேக்கை வெயிலில் போட்டால் இறகு கெடுமா? எழுது.

நீ கேட்டதற்குப் பதில்: இரண்டு பை.

அம்மாவிடம் எதையும் உளறாதே.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்துவிட்டீர்கள்.

அக்காவிடம் நேராகக் கேட்டேன். இருபது நாள் கழித்து டயரைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். வீட்டில் என்ன நடக்கிறது? அவள் சாமான் கேட்கும் விதம் இரண்டு பேர் சுற்றிப் பார்க்கப் போகிற மாதிரி இல்லை. இரண்டு தனி ஆட்கள் ஒரே நாளில் ஒரே ரோட்டில் போகிற மாதிரி இருக்கிறது.

நான் சின்னவன், கேட்கக்கூடாது என்று நினைத்தால் அதையும் எழுதிவிடுங்கள். ஆனால் எழுதுங்கள்.

தம்பி


செப்டம்பர் 16

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் ரூமில் உட்கார்ந்து படித்தேன். நீ கேட்டதில் தப்பு இல்லை.

எனக்கு வேறு ஊரில், ரொம்பத் தூரத்தில், பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சூப்பர்வைசர் வேலை. ராத்திரி எழுப்ப மாட்டார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு வீட்டுக்கு வந்து சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், சத்தியமாக. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “சரி, போயிட்டு வாங்க” என்றாள். “நீயும்தான்” என்றேன். “என்னை யாரும் கேக்கலையே” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. ஒருநாள் அவளே சொன்னாள், கல்யாணத்துக்கு முன்னால் போன மாதிரி ஒரு தடவை சைக்கிளில் போவோம், திரும்பி வந்து முடிவு சொல்கிறேன் என்று. என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. கேட்க பயம். ஐம்பது மாடி லிஃப்ட் பள்ளத்தில் தொங்கி வேலை பார்க்கிறவன்தான் நான்.

நவம்பர் கடைசியில் நான் அங்கே சேரணும். அவள் என்ன சாமான் கேட்கிறாளோ அதை அனுப்பிவிடு. வேறு எதுவும் செய்யாதே.

அத்தான்


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம், அதே நலத்தை உங்களுக்கும் அனுப்புகிறேன். பார்சலுக்குள் இந்தக் கடிதம் இருக்கும்.

நீ கேட்டபடியே ஆளுக்கொன்று கட்டியாயிற்று. சிவப்பு நாடா கட்டிய பை உனக்கு, நீல நாடா அத்தானுக்கு. ஆய்வக மெஷினில் காற்றை உறிஞ்சி அடைத்திருக்கிறேன். கூரை, அடுப்பு எல்லாம் உள்ளே. தயவுசெய்து முன்னாலேயே பிரிக்காதே, பிரித்தால் மறுபடி அந்த அளவுக்குச் சுருங்காது, சீட்டுக்குப் பின்னால் கட்ட முடியாமல் தொங்கும். இரண்டாம் ராத்திரி, படுக்கப்போகும் இடத்தில்தான் பிரிக்க வேண்டும். எப்படி அமைப்பது என்று கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, பார்த்தாலே புரியும்.

இரண்டும் எடை ஒன்றே: 595 கிராம், ஒரு கிராம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கிடையாது. யாருக்கு அதிகம் என்ற சண்டையே வராது.

ஸ்லீப்பிங் பேக்கை வெயிலில் ஒரு மணி நேரம் போடலாம். அதற்குமேல் வேண்டாம்.

சந்தோஷமாகப் போய் வாருங்கள். சேர்ந்தே போங்கள். ஏற்றத்தில் ஒருவர் முன்னால் போய்விடக்கூடாது.

தம்பி


செப்டம்பர் 29

அன்புள்ள தராசுக்கு,

நலம். பார்சல் வந்தது. உன் ஆய்வகத்து டேப்பை வெட்டவே கத்தி போதவில்லை. பைகளைப் பிரிக்கவில்லை, பயப்படாதே. அவர் இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “உன் தம்பி இருக்கானே” என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். நானும்.

நீ கேட்டதையே செய்வாய் என்று நான் நினைக்கவில்லை. வாதாடுவாய், கடைசியில் ஒரே கூரையை அனுப்பிவைத்து, அதுதான் சரி என்று இரண்டு பக்கம் எழுதுவாய் என்று நினைத்தேன். கேட்டதைக் கொடுத்ததற்கு நன்றி. இந்த வருஷத்தில் எனக்கு அது நடப்பது முதல் தடவை.

சனிக்கிழமை கிளம்புகிறோம். அவர் போன் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், அதுவும் அணைத்தே இருக்கும், அவசரத்துக்கு மட்டும். முதல் ராத்திரி தங்கும் லாட்ஜ் விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அம்மா கேட்டால் சொல்ல.

வந்து எழுதுகிறேன்.

அக்கா


அக்டோபர் 3
(லாட்ஜ் விலாசத்துக்கு, அவசர அஞ்சலில்)

அக்கா, அத்தான்,

இந்தக் கடிதம் கையில் கிடைத்தால் முதலில் இதைப் படித்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

பைகளில் நான் கட்டியது நீ கேட்டது அல்ல. பிவி பை ஒன்றுகூட இல்லை. சிவப்பில் இருவருக்கான பெரிய ஷீட், அடுப்பு. நீலத்தில் கம்பு, முளை, கயிறு, கேஸ், பாத்திரம். எடை சமமாக வரவேண்டும் என்று ஒட்டுப் போடும் சாமானை நீலத்தில் சேர்த்தேன். கையில் தூக்கினால் தெரியக்கூடாது என்றுதான். ஒருவர் பையை வைத்து ஒருவர் ஒரு ராத்திரிகூட இருக்க முடியாது. அப்படித்தான் கட்டினேன். இருட்டப்போகும் நேரத்தில் பிரித்துப் பார்ப்பீர்கள், என்னைத் திட்டுவீர்கள், திட்டிக்கொண்டே சேர்ந்து கூரை போடுவீர்கள், ஒரே பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும், பேச்சு வரும் என்று நினைத்தேன்.

நீங்கள் வழியில் பிரிந்து போனால் என்ன ஆகும் என்ற கணக்கை நான் போடவில்லை. எல்லாக் கணக்கையும் போடுகிறவன் அதை மட்டும் போடவில்லை. நேற்று வானிலை பார்த்தேன். ஞாயிறு மதியத்திலிருந்து கணவாய்ப் பக்கம் கனமழை, காற்று. இறகு ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் அது போர்வை இல்லை, ஈரத்துணி மூட்டை.

நேற்று போன் செய்தேன். நீதான் எடுத்தாய். “அவர் பக்கத்துல இருக்கார், பை கட்டிட்டு இருக்கோம், என்னடா?” என்றாய். அவர் ஏதோ சொன்னார், நீ சிரித்தாய். “ஒண்ணுமில்ல, பாத்துப் போங்க” என்று வைத்துவிட்டேன். ஊரில் எல்லோரிடமும் மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவன் என்று எனக்குப் பெயர்.

இன்று ஒரு மழைக்கோட்டுத் துணியில் தண்ணீர் ஏற்றினேன். முதல் துளி எப்போது கசியும் என்று பார்த்துக் குறிப்பதுதான் வேலை. பார்க்கவே முடியவில்லை. மேனேஜர் வந்து, “என்னப்பா, துணியா அழுவுது, நீயா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிரிந்து போகாதீர்கள். இந்த ஒரு ராத்திரி மட்டும். அதற்கப்புறம் எப்படியோ போங்கள். முடிந்தால் லாட்ஜிலேயே இரண்டாம் ராத்திரியும் தங்கிவிடுங்கள்.

தம்பி


அக்டோபர் 14

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா உயிரோடு நலமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ இத்தனை போன் செய்தும் நான் எடுக்காததற்குக் காரணம் உண்டு. எடுத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வலது தோள் எலும்பு முறிந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே, கழுத்துப்பட்டை எலும்பு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவளால் எழுத முடியாது.

உன் அவசர அஞ்சல் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்திருக்கிறது, நாங்கள் லாட்ஜை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்து. லாட்ஜில் வைத்துவிட்டுப் போன சாமானைச் செவ்வாய்க்கிழமை நான் எடுக்கப் போனபோது மேனேஜர் கையில் கொடுத்தார்.

நடந்தது இதுதான். ஞாயிறு காலை என் டயர் பஞ்சர். ஓரமாக உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் பம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் வாயைத் திறந்தேன். “நீயும் வந்துட்டா என்ன?” என்றேன். “கேட்டிருந்தா வந்திருப்பேன்” என்றாள். “இப்பதான் கேக்கறேனே” என்றேன். “கையெழுத்துப் போட்டுட்டுக் கேக்கறது கேக்கறது இல்ல, தகவல்” என்றாள். அதற்கு நான் சொன்னது எழுதத் தகாது. கொஞ்ச தூரத்தில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. அவள் மலையைச் சுற்றிப் போகும் பழைய ரோட்டில் போகிறேன் என்றாள். நான் கணவாய் வழியாக. மறுநாள் அந்தப் பக்க அடிவாரத்தில் சந்திப்பது என்று பேச்சு. ஆளுக்கொரு பை இருக்கிறதே, அவளுக்கு என்ன குறை என்று நினைத்துத்தான் நானும் விட்டேன்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. பையைப் பிரித்தேன். கம்பு, கயிறு, கேஸ், ஒரு பாத்திரம். கூரை இல்லை. கூரை தன்னிடமே இருக்கும்படி அவள்தான் உன்னிடம் சொல்லிக் கட்டவைத்தாள் என்று நினைத்தேன். என்னை இவ்வளவு வெறுக்கிறாளா என்று நடுரோட்டில் நின்று சிரித்தேன், மச்சான். ஒரு பால் லாரி வந்தது. டிரைவர் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டார். அடிவாரத்தில் லாரிக்காரர்கள் படுக்கும் ரூம். சூடாக டீ. தூங்கிவிட்டேன். ஷீட் அவளிடம் இருக்கிறது, நனைய மாட்டாள் என்று நினைத்தேன். அது பொய் இல்லை. அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை, அதுவும் பொய் இல்லை.

அவளும் அந்த நேரத்தில்தான் பிரித்திருக்கிறாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேருக்கான ஷீட் என்னிடம் இருக்கிறது என்றால் அவரிடம் இல்லை என்று கணக்குப் போட்டு, அத்தனை மழையில் திரும்பி வந்து, நான் போன ரோட்டைப் பிடித்து, கணவாய் ஏறியிருக்கிறாள், என்னைத் தேடிக்கொண்டு. ஒரு வளைவில் ஜல்லியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். விடிந்து ரோடு போடுகிறவர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவர்களிடம் முதலில் கேட்டது, “நீல சைக்கிள்ல ஒருத்தரைப் பாத்தீங்களா?”

நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே இப்போது வராதே. அவளே எழுதுவாள், எழுத முடிந்ததும்.

அத்தான்


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? தோள் வலி எப்படி இருக்கிறது? ராத்திரி தூங்க முடிகிறதா? எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறாய்? மருந்து எல்லாம் நீயே கொடுப்பவள்தான், ஆனால் உனக்கு வேளை தவறாமல் யார் கொடுக்கிறார்கள்?

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதி அடித்துவிட்டேன். அது போதாது என்று எனக்கே தெரிகிறது. வேலை ஓடவில்லை. நேற்று ஒரு ரிப்போர்ட்டில் தசமப் புள்ளியை மாற்றிப் போட்டுவிட்டேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் எழுதாமல் இருக்கவும் எனக்கு வராது. நீ ஏறிப் போயிருக்கிறாய், அக்கா. அவ்வளவு சண்டைக்கப்புறமும், அந்த மழையில், அவரைத் தேடிக்கொண்டு. அதற்கு ஒரு அர்த்தம் உண்டு இல்லையா? அத்தான் அந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று நேற்று போனில் சொன்னார். நான் செய்தது தப்புதான். ஆனால் அதில் ஏதாவது ஒன்றாவது ஒட்டியதா?

பதில் எழுது. இடது கையால் கிறுக்கினாலும் படித்துக்கொள்வேன்.

தம்பி


நவம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

எலும்பு கூடிவிட்டது. கை மேலே தூக்க வரவில்லை, மேஜைமேல் வைத்து எழுத வருகிறது. ஒரு பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகிறது, அதனால் இது மூன்று நாள் கடிதம். நீ நலம்தானே? அம்மா சொன்னாள், மெலிந்துவிட்டாய் என்று. சாப்பிடு.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கை மட்டும் காரணம் இல்லை. உன்மேல் இருந்த கோபத்தோடு எழுதக்கூடாது என்று காத்திருந்தேன். இன்னும் போகவில்லை, அதனால் அதோடேயே எழுதுகிறேன். அவர் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நீ என்னைக் கேட்காமல் பை கட்டினாய். அவராவது என்னிடம் நன்றி வாங்கிக்கொள்ளவில்லை. உனக்கு நான் நன்றி என்று எழுதினேன்.

ஏறிப் போனதற்கு அர்த்தம் உண்டா என்று கேட்டாய். உண்டு. அவர் நனைவார் என்று பதறினேன், அது உண்மை. பன்னிரண்டு வருஷம் ஒருத்தரோடு இருந்தால் கால் தானாகப் போகும். விழுந்த பிறகு நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். முதலில் கத்தினேன். யாரும் இல்லை. அப்புறம் ஒரு கையால் ஷீட்டை இழுத்துத் தலைக்குமேல் போட்டு, ஓரங்களைக் காலுக்குக் கீழே செருகி, பாறையில் சாய்ந்து உட்கார்ந்தேன். கம்பு இல்லாமல் அது நிற்காதுதான். நிற்க வேண்டிய அவசியம் இல்லை, போர்த்திக்கொண்டால் போதும். மழை காதுக்குப் பக்கத்தில் கொட்டியது. உள்ளே நனையவில்லை. வலி இருந்தது. பயம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அவர் எங்கேயாவது ஒதுங்கியிருப்பார், சின்னப்பிள்ளையா என்று தோன்றியது. அப்படித்தான் ஒதுங்கியும் இருந்தார். ஒருத்தரில்லாமல் ஒருத்தர் ஒரு ராத்திரிகூட இருக்க முடியாதபடி கட்டினேன் என்று எழுதியிருந்தாய். இருந்தோம், தம்பி. அவர் தூங்கினார். நான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருக்கும் அது முடிகிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும்.

அவர் அந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். என் எலும்பு முறிந்ததற்காக அவர் அதை விட்டால், அந்த மூன்று வருஷத்தையும் நான்தான் சுமக்கணும், அதற்கு என்னால் முடியாது. அவர் போகட்டும். நான் இங்கே இருக்கிறேன். கவுண்டருக்குத் திங்கட்கிழமை திரும்புகிறேன். ‘பிரிவு’ என்று நீ ஒரே வார்த்தையில் கேட்பாய். ஆம் என்றே வைத்துக்கொள். அவர்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. இந்த ஆறு வாரம் என் தலையை வாரிவிட்டது அவர்தான். கோணல் வகிடு. எனக்குப் பதிலாகக் கவுண்டரில் உட்காரும் பெண் பார்க்க வந்தபோது, “இதென்னக்கா, தலையில ரோடு போட்டிருக்காங்க” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் பல நாளைக்கப்புறம் நாங்கள் நிறையப் பேசினோம். எல்லாவற்றையும் பேசித்தான் இந்த முடிவு. ஒருவரையொருவர் கேட்டு எடுத்த முடிவு.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். நீ சொன்னால் இரண்டு வரியில் முடித்துவிடுவாய்.

நீ இங்கே வருவதென்றால் அடுத்த மாதம் வா. வரும்போது எதையும் வாங்கி வராதே, கட்டி வராதே. சும்மா வந்து உட்கார். என்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

நாளைக் காலை அவருக்கு ரயில். ஆட்டோவை வாசலுக்கே வரச் சொல்லலாம் என்றார், சந்துக்குள் அது திரும்பாது. முனைவரைக்கும் நடக்கணும். துணியும் கருவியும் சேர்ந்து பெட்டி நல்ல கனம். ஒரு பக்கக் கைப்பிடியை அவர் பிடித்துக்கொள்வார். இன்னொரு பக்கம் என் நல்ல கை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா